நான் காட்டாத நான்காம் தட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நோய் எங்கள் வீட்டுக்குள் வந்தபோது அதன் குரல் எனக்கு மிகவும் பழகிய குரலாக இருந்தது. அது "சரி லா" என்றது.

தேக்கா மார்க்கெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "மீன் வாங்கவா, கறி வாங்கவா?" என்று அடுக்களையிலிருந்து கேட்டேன். கூடத்திலிருந்து, சிங்கப்பூர்ப் பேச்சின் "லா" என்ற வாலோடு, "சரி லா" என்று பதில் வந்தது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடங்களில் நான் ஆயிரம் முறை கேட்ட பதில் அது. என் கணவர் பாஸ்கரன் கைப்பேசியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் சொன்னது காதில் விழவில்லை என்று அதற்குப் பொருள்.

"மீனா கறியான்னு கேட்டா சரி லாங்குறீங்க. காத எங்க வச்சிருக்கீங்க?" என்று கத்தினேன்.

மறுபடியும் "சரி லா" என்றார். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. பையை எடுத்துக்கொண்டு, ஒழுங்காக ஒரு சண்டை போட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் கூடத்துக்கு வந்தேன்.

கைப்பேசி தரையில் கிடந்தது. அவருடைய வாயின் வலது ஓரம் கீழே இறங்கியிருந்தது. வலது கை சோபாவிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. கண்கள் மட்டும் என்னைத் தேடிப் பிடித்தன. மூன்றாவது முறையாக "சரி லா" என்றார். ஆம்புலன்சை அழைத்தபோது என் குரல் எனக்கே யாருடையதோ போல் கேட்டது.

நான் மருத்துவர் இல்லை. கிளமெண்டி பக்கத்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் உதவியாளராக வேலை செய்கிறேன். பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைபடுவதால் வரும் செயலிழப்பு) வந்த ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு, எதைக் கொடுத்தால் சீக்கிரம் தேறுவார் என்று இணையத்தைத் துழாவிக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நானும் துழாவியவள்தான். போதாக்குறைக்கு, அதைப் பற்றி நான் ஓரளவு அறிந்தவள் வேறு. அதுதான் எங்களுக்கு வந்த ஆபத்து.

ஈசூனில் எங்கள் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. வந்த பெண் அவருடைய கைகளைத் தூக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இவர் நன்றாக இருந்ததைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

என் தொழிலே நேரம் குறிப்பதுதான். ஆய்வகத்தில் ஒவ்வொரு தட்டின் மூடியிலும் மார்க்கர் பேனாவால் மணியும் நிமிடமும் எழுதுவேன். அன்றைக்கு என் கணவருக்கு என்னால் நேரம் சொல்ல முடியவில்லை. ஒன்பதா, ஒன்பதரையா? அவர் கடைசியாகச் சரியாகப் பேசியது என்ன? நினைத்து நினைத்துப் பார்த்தேன். "என் யூனிஃபார்ம தனியா போடு, கிரீஸ் ஒட்டிக்கும்." லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை அவருக்கு. வாரா வாரம் இதைச் சொல்வார். அதைக் கேட்டுவிட்டுத்தான் துணி துவைக்கும் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினேன்.

அடுக்களைக்கு ஓடினேன். இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மொத்தம் அறுபத்துநான்கு நிமிடத் துவையல். திரையில் இருபத்தாறு என்று காட்டியது. "முப்பத்தெட்டு நிமிடத்துக்கு முன்னால் நன்றாக இருந்தார்" என்று சொன்னேன். அந்தப் பெண் என்னை ஒரு கணம் விநோதமாகப் பார்த்துவிட்டு, கையுறையின் மேலேயே நேரத்தை எழுதிக்கொண்டார்.

அந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்று பிறகு புரிந்தது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைக் குறிப்பிட்ட மணி நேரத்துக்குள்தான் போடலாம். தொடங்கிய நேரம் தெரியாவிட்டால் மருத்துவர்கள் தயங்குவார்கள். பாஸ்கரனுக்கு ஊசி போட்டார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்தால், அழுவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள்.

உயிர் பிழைத்தார். வலது கையும் காலும் பலவீனமாக இருந்தன. பேச்சு போய்விட்டது. மருத்துவர் அதை அஃபேசியா (மனதில் நினைப்பது சொல்லாக வெளியே வராத நிலை) என்றார். எல்லாச் சொற்களும் போய் ஒன்றே ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. எது என்று சொல்ல வேண்டியதில்லை.

"வலிக்குதா?" "சரி லா." "தண்ணி வேணுமா?" "சரி லா." "என்னைத் தெரியுதா?" "சரி லா."

இரண்டு வாரம் கழித்து மறுவாழ்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே பேச்சுப் பயிற்சியாளராக நிர்மலா என்ற பெண் வந்தார். நம் ஊர்ப் பெண், தமிழில் பேசிப் பயிற்சி கொடுக்கக் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். முதல் நாளே என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"மேடம், அங்கிள் சரி லான்னு சொல்றத எஸ்னு எடுத்துக்காதீங்க. இப்போதைக்கு அவருக்கு வர்ற ஒரே சவுண்ட் அதுதான். வேணாம்னு நெனச்சாலும் வாயில அதுதான் வரும். முகத்தப் பாருங்க, கையப் பாருங்க, ஓகே?"

நான் பலமாகத் தலையாட்டினேன். நன்றாகப் புரிந்தது என்று நினைத்தேன்.

இங்கே என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் எலியின் மூளையிலிருந்து எடுத்த நரம்பு உயிரணுக்களைச் சின்னச் சின்னத் தட்டுகளில் வளர்க்கிறோம். நன்றாக வளர்ந்ததும் ஒரு பெட்டிக்குள் வைத்து, காற்றை வெளியேற்றி நைட்ரஜனை நிரப்புகிறோம். ஹைபாக்ஸியா (உயிரணுவுக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காத நிலை) என்பதை இப்படிச் செயற்கையாக உண்டாக்குகிறோம். பக்கவாதம் வந்த மூளையில் நடப்பதன் ஒரு சிறு துண்டை அந்தப் பெட்டிக்குள் பார்க்கலாம். சில மணி நேரம் கழித்து மறுபடி காற்றை விட்டு, எத்தனை பிழைத்தன, எத்தனை செத்தன என்று எண்ணுவோம்.

மூச்சு நின்றிருக்கும்போது பாதிச் சேதம்தான் ஆகிறது. மூச்சு திரும்பும்போது மீதி. திடீரென்று உள்ளே வரும் ஆக்சிஜனைக் கையாளத் தெரியாமல், தவித்துப்போன உயிரணுவுக்குள் ஃப்ரீ ராடிகல் (பக்கத்தில் இருப்பதையெல்லாம் தாக்கிச் சிதைக்கும் நிலையற்ற மூலக்கூறு) பெருகுகிறது. வைட்டமின் சி அதற்குத் தன்னிடமிருக்கும் எலெக்ட்ரானைக் கொடுத்து அடக்கும். மூளை உயிரணுக்களுக்கு இது முன்பே தெரியும் போலிருக்கிறது. இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு வைட்டமின் சியை அவை உள்ளே சேர்த்து வைத்திருக்கின்றன. மூச்சு முட்டும்போது அந்தச் சேமிப்பு வெளியே கசிந்து குறைந்துபோகிறது.

நாங்கள் பார்த்தது இவ்வளவுதான். ஆக்சிஜனை நிறுத்துவதற்கு முன்பே அளவாக வைட்டமின் சி சேர்த்த தட்டில் அதிக உயிரணுக்கள் பிழைத்தன. வெள்ளைப் பொடியை நான்தான் அன்றன்றைக்கு எடை போட்டுக் கரைப்பேன். கரைத்து வைத்தால் காற்றுப் பட்டு மஞ்சளாகிக் கெட்டுவிடும். வெளிச்சம் படாமல் அலுமினியத் தாளில் சுற்றி வைப்பேன்.

சென்ற தீபாவளிக்கு வீட்டில் கூட்டம். முறுக்கைக் கடித்துக்கொண்டே யாரோ என் வேலை என்ன என்று கேட்டார்கள். கைப்பேசியில் இருந்த மூன்று படங்களைக் காட்டினேன். முதல் தட்டில் ஆரோக்கியமான உயிரணுக்கள் கிளை பரப்பி நிற்கும். இரண்டாவதில் ஆக்சிஜன் இல்லாமல் சுருங்கி உருண்டு கிடக்கும். மூன்றாவதில் அதே தவிப்புக்குப் பிறகும் பாதிக்கு மேல் கிளைகளோடு நிற்கும். "இது வைட்டமின் சி போட்டது" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

நான்காவது படத்தை நான் காட்டவில்லை. அதில் வைட்டமின் சி மிக அதிகம். அளவு மீறினால் அதே பொருள் தட்டில் இருக்கும் திரவத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடை (கிருமி கொல்லவும் துணி வெளுக்கவும் பயன்படும் வேதிப்பொருள்) உண்டாக்கும். நான்காம் தட்டில் ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் உயிரணுக்கள் செத்துக் கிடந்தன. பண்டிகை நாளில் அதை எதற்குக் காட்டுவது என்று விட்டுவிட்டேன்.

மறுவாழ்வுப் பிரிவில் முதல் நாட்கள் நன்றாகப் போயின. விழுங்கும் பரிசோதனையில் தேறிவிட்டார். அதுவரை கஞ்சி போல் கெட்டியாக்கித்தான் எதையும் குடிக்கக் கொடுத்தார்கள். இனி சாதாரணமாகக் குடிக்கலாம் என்றார்கள். வலது கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினார். வெளியிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும் தாதியிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள் என்று கட்டிலுக்கு மேலேயே எழுதி ஒட்டியிருந்தது.

நான் டாக்டரிடம் வைட்டமின் சி பற்றிக் கேட்டேன். டாக்டர் லிம் என்று வைத்துக்கொள்வோம், பொறுமைசாலி. "உணவில் கிடைப்பது போதும். பக்கவாதத்துக்கு அது மருந்து என்று சொல்ல மனிதர்களிடம் போதுமான ஆதாரம் இல்லை" என்றார். எனக்கும் அது தெரியும். தட்டிலேயேகூட, மூச்சு நின்று நெடுநேரம் கழித்துப் போட்டால் பெரிதாக எதுவும் நடக்காது. மூடியில் அந்த நேரத்தையெல்லாம் எழுதியவள் நான்தான்.

ஆனால் கணவர் தட்டு இல்லையே. என் முன்னால் உட்கார்ந்து, எதைக் கேட்டாலும் ஒரே சொல்லைத் திருப்பிச் சொல்லும் மனிதர். எனக்குக் கை சும்மா இருக்க முடியவில்லை. ஐந்நூறு மில்லிகிராம் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீர் போத்தலில் கலந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று கொடுக்க ஆரம்பித்தேன். என்ன பெரிய தப்பு, கடையில் எல்லாரும் வாங்குவதுதானே என்று சொல்லிக்கொண்டேன். "குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன். "சரி லா" என்றார். குடித்தார். தாதியிடம் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து வயிற்றுப்போக்கு தொடங்கியது.

மருத்துவமனையில் வயிற்றுப்போக்கு என்றால் தொற்று என்றுதான் முதலில் சந்தேகப்படுவார்கள். தனியறைக்கு மாற்றினார்கள். உள்ளே போகிறவர்கள் மஞ்சள் அங்கி போட்டுக்கொள்ள வேண்டும். பயிற்சிக்கூடத்துக்கு அழைத்துப் போக முடியாது. மூளை மறுபடி கற்றுக்கொள்ளும் முதல் வாரங்கள் தங்கம் போன்றவை என்று நிர்மலா சொல்லியிருந்தார். அந்தத் தங்கம் கழிவறையில் போய்க்கொண்டிருந்தது. மாதிரி எடுத்து அனுப்பினார்கள். கிருமி எதுவும் இல்லை என்று வந்தது. ஆனாலும் நிற்கவில்லை.

நான்காம் நாள் காலை, கட்டிலோரம் எழுப்பி நிற்க வைத்தபோது பாஸ்கரன் அப்படியே சரிந்தார். இரண்டு தாதிகள் தாங்கிப் பிடித்தார்கள். முகம் வெளுத்திருந்தது. இரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. முந்தின வாரம் நெஞ்சு வரை எழும்பிய வலது கை மடியைவிட்டு எழவில்லை. டாக்டர் லிம் ஓடிவந்து கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். "இரண்டாவது தாக்குதலாக இருக்கலாம், உடனே ஸ்கேன் எடுக்கிறோம்" என்றார்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நடைபாதையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். நான். அவருடைய அக்கா மங்கையர்க்கரசி, ஃபேரர் பார்க்கில் வீடு, தேக்காவில் காய்கறிக் கடை வைத்திருப்பவர். மூன்றாவது ஆள் சரவணன். திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஒன்பது வருடமாகப் பாஸ்கரனோடு லிஃப்ட் வேலை செய்பவர். இரவு வேலை முடித்து, உடுப்புக்கூட மாற்றாமல் வந்திருந்தார்.

மங்கை அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"தெனமும் நெல்லிக்கா சாறு குடுத்தேனேம்மா. அப்படிக் குடுத்துமா என் தம்பிக்கு இப்படி ஆவணும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன சாறு அக்கா?"

"நெல்லிக்கா சாறு. மத்தியானம் நீ வேலைக்குப் போனப்பறம். ஃபிளாஸ்க்ல கொண்டாருவேன். ஆறேழு காய் அரைச்சுப் புழிவேன். தீவாளிக்கு நீதான போன்ல காட்டுன, வைட்டமின் சி போட்டா மூள செத்துப்போவாதுன்னு. நெல்லிக்காயிலதான் அது ஏராளமா இருக்குன்னு என் கடைக்கு வர்றவங்க எல்லாரும் சொல்றாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ லேப்ல வேல செய்றவ. அளவு அது இதுன்னு சொல்லி வேணாம்ப. தம்பிகிட்டயே கேட்டேன், சாமி. குடிக்கிறியாப்பான்னு. சரி லான்னுதான சொன்னான்."

பக்கத்தில் சரவணன் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"சரவணன், நீங்களுமா?"

"அண்ணி... தண்ணில போட்டா பொங்குமே, ஆரஞ்சு மாத்திர. அதான். சாயங்காலம் வர்றப்ப ரெண்டு போட்டுக் குடுப்பேன். சீக்கிரம் பேச்சு வந்துடும்னு ஒரு ஆசைல. அண்ணன் இல்லாம மெஷின் ரூமுக்குள்ள போகவே மனசு வரல அண்ணி."

"ரெண்டா? ஒரு மாத்திரைல ஆயிரம் மில்லிகிராம் இருக்கும்."

"எவ்ளோ இருக்கும்னு பாக்கல. அண்ணன் சரி லான்னு சொன்னாரு."

இரண்டு பேரையும் அங்கேயே உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். வாயைத் திறந்தேன். மங்கை அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ எதுவும் குடுக்கலல்ல சுகுணா?" என்று கேட்டார். அவருக்கு என் மேல் இருந்த நம்பிக்கைதான் என்னை உடைத்தது. நான் அழுதேன். "நானும் குடுத்தேன் அக்கா. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

காலையில் நான், மத்தியானம் அக்கா, மாலையில் மறுபடி நான், என் தலை மறைந்ததும் சரவணன். மூன்று பேரும் ஆளுக்கொரு ரகசியம் வைத்திருந்தோம். மூன்று பேருக்கும் ஒரே சம்மதம் கிடைத்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒரு மனிதரிடம்தான் நாங்கள் கேட்டுக் கேட்டுக் கொடுத்திருக்கிறோம்.

பையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். ஆய்வகத்தில் எழுதுவது போல் எழுதினேன். யார், எப்போது, எவ்வளவு, எந்த நாளிலிருந்து. கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு மூன்றரை கிராமுக்குக் குறையாமல் வந்தது. அந்தத் தாளோடு ஸ்கேன் அறை வாசலில் டாக்டர் லிம்மைப் பிடித்தேன்.

அவர் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான்.

"இவ்வளவு கொடுத்தால் குடல் ஓரளவுதான் உள்ளே எடுத்துக்கொள்ளும். மீதி குடலிலேயே தங்கித் தண்ணீரை இழுக்கும். வயிற்றுப்போக்கு அதனால்தான் இருக்கும். உடம்பில் நீர் வற்றியதால் அழுத்தம் இறங்கியிருக்கிறது. மூளையோ தனக்கு வேண்டியதைத் தன் வாசல் வழியாக, தன் அளவில்தான் எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஊற்றுகிறீர்கள் என்பதற்காக அதிகம் எடுக்காது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "உங்கள் ஆய்வகத் தட்டுக்குக் குடலும் இல்லை, சிறுநீரகமும் இல்லை. அதனால் அது எதிர்த்துப் பேசுவதில்லை."

"இரண்டாவது தாக்குதலா டாக்டர்?"

"படம் வரட்டும்."

படம் வர முப்பத்தைந்து நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் நான் நான்காம் தட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். சுருங்கிக் கறுத்த அந்தப் புள்ளிகள். மனித உடம்பில் அப்படி நடக்காது, குடலும் சிறுநீரகமும் அதற்கு விடாது என்று என் படிப்பு சொன்னது. என் படிப்பை அந்த நேரத்தில் நான் நம்பத் தயாராக இல்லை. மங்கை அக்கா வீரமாகாளியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். சரவணன் இரண்டு கைகளாலும் தன் தலைக்கவசத்தைப் பிடித்தபடி குனிந்திருந்தார்.

டாக்டர் லிம் கதவைத் திறந்துகொண்டு வந்தபோதே முகத்தில் தெரிந்துவிட்டது. புதிதாக எதுவும் இல்லை. பழைய காயம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. நீர் வற்றி அழுத்தம் இறங்கியதால் பழைய பலவீனம் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றினால் போதும், வேறு எதையும் கொடுக்காமல் இருந்தால் போதும். போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. மங்கை அக்கா டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தமிழில் ஏதேதோ சொன்னார். அவரும் புரிந்தது போல் தலையாட்டினார்.

மூன்று நாளில் வயிறு அடங்கியது. மஞ்சள் அங்கிகள் போயின. கை மறுபடி நெஞ்சு வரை வந்தது. ஏறக்குறைய ஒரு வாரப் பயிற்சி வீணானதுதான் நட்டம். சிறுநீரகத்துக்கும் எந்தக் கேடும் இல்லை என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அதிக வைட்டமின் சி சிலருக்குச் சிறுநீரகக் கல்லை உண்டாக்கும் என்று டாக்டர் அப்புறம்தான் சொன்னார். முன்பே சொல்லியிருந்தால் நடைபாதையிலேயே விழுந்திருப்பேன்.

அடுத்த வாரம் நிர்மலா பயிற்சி நடத்திக்கொண்டிருந்தார். மேசையில் படங்கள் பரப்பியிருந்தன. வாழைப்பழம், குடை, சாவி.

"அங்கிள், இது என்ன? ஸ்லோவா, அவசரமே இல்ல."

"சரி லா."

"ஓகே. வாழ... வாழைப்..."

"சரி லா."

அப்போது மங்கை அக்கா உள்ளே வந்தார். கையில் அதே பச்சை ஃபிளாஸ்க். உள்ளே வெறும் பார்லித் தண்ணீர்தான். தாதியிடம் காட்டி, கையெழுத்தே வாங்கியிருப்பார் போல, அவ்வளவு மிடுக்காக வந்தார். டம்ளரில் ஊற்றிப் பாஸ்கரனின் முன்னால் நீட்டினார்.

பாஸ்கரன் ஃபிளாஸ்க்கைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். முகம் அஷ்டகோணலாகப் போனது. உதடுகள் ஒட்டிக்கொண்டு பிரிந்தன. இடது கையால் டம்ளரைத் தள்ளினார்.

"வே... வே... வேணாம்."

நிர்மலா கையிலிருந்த அட்டையை மெதுவாகக் கீழே வைத்தார். "அங்கிள், என்ன சொன்னீங்க?"

"வேணாம்." இந்த முறை தெளிவாக வந்தது. இரண்டு வாரம் குடித்ததையெல்லாம் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

மங்கை அக்கா அழுதுகொண்டே டம்ளரை மறுபடி நீட்டினார். "குடிப்பா, கொஞ்சம் குடி."

"வேணாம் லா!"

"இன்னொரு தடவ சொல்லுப்பா, என் ராசா. இந்தா, குடி."

நான்கைந்து முறை நீட்டி, நான்கைந்து முறை வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் அக்கா ஓய்ந்தார். கடைசியில் பார்லித் தண்ணீரை நானே குடித்தேன். அன்று மாலை சரவணனுக்கு அழைத்து, அண்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றேன். எதை என்றுகூடக் கேட்கவில்லை. அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

வைட்டமின் சிதான் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தது என்று மங்கை அக்கா இன்றைக்கும் நம்புகிறார். ஒருவகையில் உண்மைதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் உங்களிடம் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கும் நரம்பு உயிரணுவுக்கு வைட்டமின் சி என்ன செய்கிறது என்பது உண்மையிலேயே அழகான ஆராய்ச்சி. ஒரு நாள் அதிலிருந்து மருந்து வரலாம், வராமலும் போகலாம். இன்று உங்கள் வீட்டு நோயாளிக்கு அது கொய்யாப்பழமும் ஆரஞ்சும்தான். அதற்கு மேல் எதைக் கொடுப்பதாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். கூட இருக்கும் மற்றவர்களிடமும் கேட்டுவிடுங்கள். பாசத்தில் ஆளாளுக்கு ஒரு டம்ளர் ஒளித்து வைத்திருப்பார்கள்.

அதன்பின் வேலைக்குப் போன முதல் நாளே நான்காம் தட்டின் படத்தைத் தேடி எடுத்தேன். மற்ற மூன்றோடும் சேர்த்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பி, அளவு மீறினால் இப்படி என்று எழுதினேன். மங்கை அக்கா ஒரு ரோஜாப்பூப் படமும் காலை வணக்கமும் அனுப்பினார். படித்தாரா என்று தெரியவில்லை.

ஏழு மாதங்கள் ஆகிவிட்டன. பாஸ்கரன் கைத்தடி இல்லாமல் லிஃப்ட் வரை நடக்கிறார். லிஃப்டுக்குள் ஏறினால் இன்னும் மேலே பார்த்துச் சத்தத்தைக் கவனிப்பார். மறுபடி அந்த வேலைக்குப் போக முடியாது, அலுவலகத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சொற்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் நான் மூன்று கேள்வி கேட்டு, நான்கு பதிலையும் நானே சொல்லிவிடுவேன். இப்போது நிற்கிறேன். அடுப்பில் எது கருகினாலும் நிற்கிறேன்.

என் உடம்பும் மாறித்தான் விட்டது. அவருடைய வலது கை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே எனக்குத் தெரிகிறது. துணி துவைக்கும் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் கூடத்திலிருந்து ஒரு குரல் கேட்க வேண்டும் எனக்கு. கேட்ட பிறகுதான் அழுத்துகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். அடுக்களையிலிருந்து கேட்டேன். "மீன் வாங்கவா, கறி வாங்கவா?"

"சரி லா" என்று பதில் வந்தது.

பையைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் முன்னால் மண்டியிட்டு, "சிரிங்க. ரெண்டு கையையும் தூக்குங்க" என்றேன். மூச்சு இரைத்தது. பாஸ்கரன் கைப்பேசியிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாய் இரண்டு பக்கமும் ஒரே அளவில் விரிந்தது. இடது கை உடனே எழுந்தது. வலது கை அதன் பின்னாலேயே, இரண்டு விநாடி தாமதமாக, தலைக்கு மேல் வந்து நின்றது.

நான் காத்திருந்தேன். உதடுகள் சொல்லைத் தேடின.

"காதுல... விழல லா" என்றார். "மேட்ச்... பாத்தேன். திரும்ப... கேளு."